தொடைச் சதைக்குள் இருந்த கொழுப்பு

என் கையெழுத்து கோழி கிண்டியது போலிருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதால் எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

வாலிநோக்கம் உப்பளத்தில் பல வருஷம் உப்பு வாரினேன். பிறகு வாசலில் காவலுக்கு உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தும் உடம்பு பனைமட்டை மாதிரியே இருந்தது. அதனால் மருத்துவ முகாமில் ரத்தம் பார்த்து எனக்குச் சர்க்கரை என்றபோது நம்பவில்லை. தொந்தியோடு பக்கத்தில் நின்ற அண்ணனுக்கு ஒன்றுமில்லை.

"ஏலே, தின்னது நானு, சர்க்கரை ஒனக்கா?" என்று அண்ணன் சிரித்தார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "வயிறு ஒட்டிக் கிடந்தாலும் சதைக்குள்ள கொழுப்பு சேரும். சும்மா கிடக்கிற சதையில அது சேந்தா, இன்சுலின் சொல்றத சதை கேக்காது. சர்க்கரை ரத்தத்துலயே நின்னுரும். நடங்க. மூணு மாசத்துல குறையலன்னா ஊசிதான்."

ஊசி என்றால் தினமும் யாரிடமாவது சட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஆள் முகம் பார்த்துப் பேசவே எனக்குக் கூச்சம்.

ஆனாலும் அந்தக் கொழுப்பைப் பார்க்க ஆசை வந்தது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் தொங்கிய ஆட்டுத்தொடையை உற்றுப் பார்த்தேன். சிவப்புக்கு நடுவே வெள்ளை இழைகள் ஓடின.

"வாங்குறீகளா, பாத்துட்டே போறீகளா?" என்றார் கடைக்காரர்.

நடப்பதுதான் கஷ்டமாக இருந்தது. எங்கள் ஊரில் வேலையில்லாமல் யாரும் நடப்பதில்லை. எதிரே வருகிறவர்கள் "எங்கன போறீக?" என்பார்கள். முதல் நாளே வாய்க்கு வந்தபடி, "ஆடு காணோம்" என்றேன். மறுநாள் ஒருவர் வீட்டுக்கே வந்து, "கருவக்காட்டுல செவலை ஆடு ஒண்ணு நிக்கிது, ஒம்மதா பாரும்" என்றார். போய்ப் பார்த்தேன். அதுவும் நடைதானே. அப்புறம் ஆளுக்கொரு திசை சொன்னார்கள். அத்தனை திசைக்கும் போனேன்.

கடைசியில் டீக்கடையில் அண்ணன் போட்டு உடைத்தார்: "நம்ம வீட்ல ஆடு ஏதுலே? இவனுக்குச் சர்க்கரை, அதான் நடக்கான்."

தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் அதன்பிறகு யாரும் எங்கே என்று கேட்கவில்லை. தினமும் நடந்தேன்.

மூன்று மாதம் கழித்துச் சர்க்கரை இறங்கியிருந்தது. ஊசி வேண்டாம் என்றார்கள். எடை மட்டும் அப்படியே இருந்தது. கூச்சத்தை விட்டுக் கேட்டேன்: "அப்ப அந்தக் கொழுப்பு எங்கன போச்சு?"

"அங்கயே கூட இருக்கலாம். ஓட்டப்பந்தயக்காரங்க தொடையிலயும் இருக்கு. நடக்கிற கால் அத விறகு மாதிரி எரிச்சுக்கும்" என்றார் டாக்டரம்மா.

விறகு எரிந்தால் தீர வேண்டும். இது தீராமல் எப்படி இருக்கிறது என்று கேட்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அடுத்த முறை போகும்போது கேட்க வேண்டும்.

2009, மாசி 3, ஞாயிறு.