கண்டக்டர் குரலைப் பதிஞ்ச கதை

கைகாலைப் பிடிச்சுவிடவா நாலரை வருசம் படிச்சீகன்னு என்னைக் கேக்காத ஊரு அருப்புக்கோட்டையைச் சுத்திக் கிடையாது. நான் வீட்டுக்கே போய்ப் பாக்குற பிசியோதெரபிஸ்ட். வலிக்கு மெஷின் வச்சுக் கரண்டு குடுப்பேன்ல, என் ஸ்கூட்டி சத்தம் கேட்டாலே "கரண்டு வைக்கிற அம்மா வருது"ம்பாக. வீடுவீடாப் போய்ப் பொழைக்கிறவுகளுக்கு இந்த மரியாதையெல்லாம் நான் சொல்லித் தெரியவேண்டியதில்ல.

குழவி வைத்தியம்

பரளச்சி ஊரு பாண்டி அண்ணன் மினிபஸ் கண்டக்டர். ஒருநாள் டிக்கெட் கிழிக்கக் கட்டைவிரல் ஒத்துழைக்கல. சுளுக்குன்னு விட்டுட்டாரு. கடைசியில மதுரையில சோதிச்சு, மோட்டார் நியூரான் நோய்ன்னு சொல்லிட்டாங்க. மூளை சொல்றதைத் தசைக்குக் கொண்டுபோற நரம்புக ஒவ்வொண்ணா ஓய்ஞ்சுபோற நோய். கையில ஆரம்பிச்சாலும் பேச்சு வரைக்கும் வாங்கிரும்.

நான் முதநாள் போறேன், மனுசன் கைக்குப் பலம் ஏறும்னு ஆட்டுரல் குழவியை ரெண்டு கையாலயும் தூக்கித் தூக்கி இறக்கிட்டிருக்காரு. எனக்கு வந்துச்சே கோவம்! "இருக்கிற தெம்பையும் ஏண்ணே கரைக்கிறீக?"ன்னு கத்திட்டேன். குழவியைக் கீழ வச்சுட்டு நிதானமாச் சொன்னாரு: "எந்த பஸ்ஸும் ஒருநாள் ஷெட்டுக்குப் போகும் தங்கச்சி. அதுக்காக நடுவழியில இறங்கிறவா முடியும்?"

கிடைக்காத ஊசி

ஒரு குறிப்பிட்ட மரபணுக் கோளாறால இந்த நோய் வந்தவுகளுக்கு இப்ப முதுகுத்தண்டுல போடுற ஊசி ஒண்ணு வந்திருக்கு. நோயோட வேகத்தைக் குறைக்குதாம். நான் படிக்கிற காலத்துல புத்தகத்துல இப்படி ஒரு வரி கிடையாது. அண்ணன் ரத்தத்தையும் சோதிச்சாங்க. அவருக்கு அந்தக் கோளாறு இல்ல, அதனால ஊசியும் இல்ல. நான் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் படிச்சேன். அவரு என்னடான்னா ஆராய்ச்சிக்குன்னு இன்னொரு குப்பி ரத்தத்தையும் குடுத்துட்டு வந்தாரு: "எல்லா சீட்டும் எனக்கேவா? அடுத்த ஸ்டாப்புல ஏறுறவுகளுக்கும் இருக்கட்டும்."

மதினி திருத்துன பாடம்

நாக்கு குழறுறதுக்கு முன்னாடியே குரலைப் பதிஞ்சு வச்சா, பின்னால போன்ல எதைத் தட்டினாலும் அதே குரல்ல பேசும். பேச்சுப் பயிற்சி குடுக்கிற என் சிநேகிதி, பதியவேண்டிய வாக்கியங்களை எழுதி அனுப்பினா. "எனக்குத் தண்ணீர் வேண்டும்"னு அண்ணன் நியூஸ் மாதிரி வாசிச்சாரு. அவரு வீட்டுக்காரி செல்வி மதினி விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. "இவுக என்னைக்குத் 'தண்ணீர்' கேட்டாக? 'ஏ புள்ள, தண்ணி'ன்னுல்ல அலறுவாக!"

அடுத்த வரி, "நான் போகிறேன்." அண்ணன் தன் பாணியில "நான் போறேன்"னாரு. மதினிக்குச் சிரிப்பு பட்டுன்னு நின்னுபோச்சு. என் கையிலருந்த போனைப் பிடுங்கிருச்சு. எனக்கு இது முன்னாடியே தோணல பாருங்க, நான் ஒரு மண்டு! மதினி சொல்லுச்சு: "மொதல்ல அதை அழிங்க. இந்த வீட்டுல 'வாரேன்'னுதான் சொல்லணும்."

உப்பு

பட்டியலைத் தூரப் போட்டுட்டு, அண்ணன் பேசுற மாதிரியே பதிஞ்சோம். எட்டு மாசத்துல பேச்சு நின்னுபோச்சு. மதினியும் பேசறதைக் குறைச்சிருச்சு. எதிர்ப்பேச்சு இல்லாம யாருகூடச் சண்டை போட?

அப்புறம், பதிஞ்சதை வச்சுக் கம்ப்யூட்டர்ல செஞ்ச அவரு குரல் தயாராகி போனுக்கு வந்துச்சு. மிச்சமிருந்த ஒத்த விரலால அண்ணன் ரொம்ப நேரம் தட்டினாரு. மதினி குழைச்ச சோத்தோட பக்கத்துல நிக்குது. நாங்க பதிவே பண்ணாத வாக்கியம், ஆனா அச்சு அசல் அவரு குரல்: "ஏ புள்ள, குழம்புல உப்பில்ல."

நான் அழுதுட்டேன். எந்த ஊரு லேப்ல உக்காந்து இதைக் கண்டுபிடிச்சாகளோ, அந்த மகராசங்க நல்லாருக்கணும்னு வாய்விட்டே சொன்னேன். மதினி முந்தானையால முகத்தைத் துடைச்சுட்டு, இடுப்புல கையை வச்சுச்சு: "பேச்சு போயும் வாய் குறையல பாருங்க!"

நாலரை வருசம் படிச்சு நான் செஞ்ச உருப்படியான காரியம், ஒரு கண்டக்டர் பொண்டாட்டிகிட்டத் திரும்பவும் திட்டு வாங்க வழி பண்ணினதுதான்.