கையேட்டில் எழுதிய பெயர்

கணினிச் சேர்வர் கையேடுகளில் எல்லாரும் தாண்டிப் போகிற பக்கம் ஒன்று உண்டு: 'இந்த நூலில் வரும் குறியீடுகள்.' என்னைப் போல் அதைத் தாண்டிப் போய் அடிபட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

டொலர் குறி

வரியின் தொடக்கத்தில் நிற்கும் டொலர் குறி, கட்டளை இங்கே தொடங்குகிறது என்று காட்டத்தான், அதைத் தட்டக்கூடாது. யாரிடமும் படிக்காமல் தொழிலுக்கு வந்த நான் ஒரு முழு நாள் அதையும் சேர்த்தே தட்டினேன். அப்படி ஒரு கட்டளை இல்லை என்றே சேர்வர் சொல்லிக்கொண்டிருந்தது. சாப்பிடக் கூப்பிட வந்த என் மனைவி சரோஜா கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்தாள்.

"ஏங்க, எல்லா வரியிலயும் அதே குறி இருக்கே. அது புத்தகக்காரன் சும்மா போட்டதா இருக்கும். விட்டுட்டுத் தட்டிப் பாருங்க."

சாய்கோடு

லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்துக்குச் சேர்வர் வைத்துக் கொடுத்தேன். அங்கே கிளார்க் வசந்திக்குக் கோப்புப் பாதையில் வரும் சாய்கோடு விளங்கவில்லை. "தோட்டம், டிவிஷன், லயம், காம்பரா. கடித விலாசம் மாதிரித்தான், நடுவில் ஒவ்வொரு கோடு," என்றேன். லயம் என்பது தொழிலாளர் வரிசை வீடு, காம்பரா அதில் ஓர் அறை.

"அப்ப முதல்லயே கோடு போட்டா தோட்டத்துலருந்து தேடி வரணும், போடலேன்னா நான் நிக்கிற லயத்துலருந்து பாக்கணும். இத ஏன் சார் பத்துப் பக்கம் எழுதி வச்சிருக்காங்க?"

கோண அடைப்பு

வசந்திக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதினேன். கோண அடைப்பையும் அதற்குள் இருப்பதையும் எடுத்துவிட்டு உங்கள் பெயரைப் போடுங்கள் என்று முதல் பக்கத்திலேயே சொல்லியிருந்தேன். அவள் அடைப்பையும் சேர்த்துத் தட்டினாள். சரி, உதாரணமாக இருக்கட்டும் என்று அடைப்பை நீக்கி என் மனைவி பெயரில் /home/saroja என்று எழுதிக் கொடுத்தேன். அதை அப்படியே தட்டிவிட்டாள். தோட்டத்துப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து அந்தக் கோப்புறைக்குள்தான் சேர்த்தாள். வீட்டில் சரோஜாவிடம் சொன்னேன்.

"நான் அந்த ஆபீஸ் வாசலக்கூடப் பாத்ததில்ல. எனக்கு அங்க ஒரு காம்பரா கெடச்சிருச்சா?"

பட்டியலில் இல்லாதவர்

பிறகு ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து இரண்டு லயங்கள் போயின. ஆட்கள் தப்பினார்கள், சான்றிதழ்கள் வைத்திருந்த தகரப் பெட்டிகள் தப்பவில்லை. பிள்ளைகளுக்கு அடையாள அட்டை எடுக்க அந்தக் கோப்புறையில் இருந்த பிரதிகள்தான் மிச்சம்.

சரோஜா இறந்த மறு வருடம் தோட்டத்து மேலதிகாரியாகப் புதிதாக வந்த துரை, சேர்வரில் கணக்கு வைத்துப் பாவிப்போர் பட்டியலைக் கேட்டார். அதில் இல்லாத பெயர்களில் உள்ள கோப்புறைகளை எல்லாம் அழிக்கச் சொன்னார். வசந்தி எனக்குப் போன் எடுத்தாள். "அழித்துவிடாதே. வேறு பெயரில் ஒன்று திறந்து எல்லாவற்றையும் அதற்கு மாற்று. பிறகு பழைய பெயரை எடுத்துவிடு," என்றேன். ஐந்து நிமிட வேலை. எங்கள் செத்த வீட்டுக்கு வந்து போனவள் அவள்.

"பேர மாத்துனா கையேடு முழுக்க மாத்தணும் சார், யாரு ஒக்காந்து மாத்துறது? நான் சரோஜா அக்கா பேரப் பட்டியல்ல எழுதிட்டேன். பதவின்னு கேட்ட எடத்துல கையேடுன்னு போட்டேன். தொரை கையெழுத்து வச்சிட்டாரு."

கையேட்டின் முதல் பக்கத்தை வாசியுங்கள் என்று சொல்லத்தான் தொடங்கினேன். வசந்தி வாசிக்காமல் விட்டதால் அங்கே இன்னும் நிற்கும் பெயரை நினைத்தால் அவ்வளவாக வற்புறுத்த மனம் வரவில்லை.