அக்கா ஓர் இரவும் உறங்காத வீடு

ஓர் அலுவலகத்தில் மனு கொடுக்கப்பட்டால் அன்றே அதற்கு ஒப்புகை தர வேண்டும். குறித்த காலத்துக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். மனு தம் அலுவலகத்துக்கு உரியதல்ல என்றால் உரிய இடத்துக்கு அனுப்பிவிட்டு, அனுப்பிய செய்தியை மனுதாரருக்கும் சொல்ல வேண்டும். அரசுப் பணியில் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஓய்வு பெறும் நாள்வரை நானும் எனக்குக் கீழே இருந்தவர்களுக்கு இதையே சொல்லிக் கொடுத்தேன்.

நினைவு மலரைக் கடவுள் வாழ்த்தோடு தொடங்குவதுதான் முறை. விதியோடு தொடங்குவதற்கு உற்றாரும் நண்பர்களும் பொறுத்தருள வேண்டும். அக்காவின் கடைசிக் காலம் கடவுளின் கையில் இருந்ததைவிட இந்த விதியின் கையில்தான் அதிகம் இருந்தது.

அக்கா பிறந்தது ஆர்.கே.பேட்டையில். எங்கள் தந்தையாரை நாங்கள் நைனா என்றே அழைத்தோம். அவருக்குப் பாதி நாள் தறி, பாதி நாள் வயல். பத்தாம் வகுப்பில் அக்கா பள்ளியிலேயே முதலாவதாகத் தேறினார். மேலே படிக்க வைக்க வீட்டில் ஒருவருக்குத்தான் வசதி இருந்தது. ஆண்பிள்ளை என்பதால் அந்த ஒருவர் நான் ஆனேன். இதில் விவாதம் ஏதும் நடக்கவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மணமாகி அக்கா கும்மிடிப்பூண்டிக்கு வந்தார். மாமா தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் எடைமேடை பார்த்தார். மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் அக்காவும் பீங்கான் சாமான் செய்யும் ஓர் ஆலையில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தார். பீங்கானை வைக்கோலில் பொதிந்து பெட்டியில் அடுக்குவது அவர் வேலை. அதற்காக இயந்திரத்தில் இறுக்கிக் கட்டிய வைக்கோல் கட்டுகள் லாரியில் வந்து இறங்கும். ஆள் உயரத்துக்கு மேல் சுவர்போல அடுக்கி வைப்பார்கள். சித்திரை வெயிலில் ஆலையின் தகரக் கூரை கொதிக்கும்போது, பெண்களெல்லாம் சாப்பாட்டுத் தூக்கோடு அந்த அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார்களாம். அங்கே அனல் கிடையாது. அரவை இயந்திரத்தின் சத்தமும் கேட்காது. “அங்க ஒக்காந்து சோறு துன்னா கோயில்ல ஒக்காந்த மாரி இருக்கும்டா” என்பார் அக்கா. அந்த நினைப்பை அவர் ஓய்வு பெறும்வரை மனதில் வைத்திருந்தார்.

அவர்கள் குடியிருந்தது தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு வரிசை வீட்டில், வாடகைக்கு. அங்கேயும் தகரக் கூரைதான். காலையில் துடைத்த தரையில் மதியம் கால் வைத்தால் கரித்தூசியில் தடம் பதியும். மாமா மறைந்த சில ஆண்டுகளில் அக்காவுக்கு இழுப்பு வந்தது. காரணம் ஆலைத் தூசியா, நெடுஞ்சாலை லாரிப் புகையா என்று மருத்துவர் சொல்லவில்லை. இரண்டுமே உரிய அனுமதி பெற்றவை. இரவில் மூச்சுக்குழல் அடைத்துக்கொள்ளும்போது மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் சிறு இயந்திரம் ஒன்றைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அது மின்சாரத்தில் ஓடுவது. இந்த ஒரு செய்தியை வாசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மாமாவின் பணத்தில் எளாவூருக்கு உட்புறமாக, சாலையை விட்டுத் தள்ளி, ஒரு சிறு மனை வாங்கியிருந்தார்கள். அங்கே தூசி குறைவு. அதில் வைக்கோல் கட்டுகளால் ஒரு வீடு கட்டப் போவதாக அக்கா அறிவித்தார். வேப்பம்பட்டில் ஒரு திருமணப் பந்தியில் நம் உறவினர் ஒருவர் கேட்டார். பெயர் வேண்டாம், அவரும் இந்த மலரைப் பெறுகிறார்.

“இன்னாக்கா, வைக்கப்போருக்குள்ள குடித்தனமாமே? பசி எடுத்தா செவுத்தையே துன்னலாமா?”

“துன்றதுக்கு உன்னத்தான்டா கூப்புடணும். மொய் எழுதாம துன்ன வர ஆளாச்சே நீ” என்றார் அக்கா.

ஆர்.கே.பேட்டைப் பக்கம் அறுவடை முடிந்ததும் கட்டுகள் வந்தன. ஒவ்வொரு கட்டிலும் அக்கா முழங்கை வரை கையை நுழைத்துப் பார்த்தார். உள்ளே சூடு தெரிந்தாலோ ஈரம் தெரிந்தாலோ தள்ளி வைத்தார். லாரி ஓட்டுநர் பொறுமை இழந்தார்.

“இன்னாம்மா, பொண்ணு பாக்கற மாரி ஒண்ணொண்ணா பாத்துக்கினுகிற?”

“பொண்ணுகூட சிடுசிடுன்னா சமாளிச்சுக்கலாம் தம்பி. செவுரு உள்ளயே பூஞ்சை புடிச்சா இன்னா பண்ணுவ? இதெல்லாம் திருப்பி ஏத்து.”

முழங்கால் உயரத்துக்குச் செங்கல் மேடை. அதன்மேல் பனந்தூண்கள். சுவருக்கு முன்பே கூரையைப் போட்டார்கள், வைக்கோல் ஒரு மழையும் நனையக் கூடாது என்பதால். நாட்டு ஓடு, நன்றாக வெளியே நீண்ட தாழ்வாரம். பிறகு கட்டுகளைச் செங்கல்போல இணைப்பு மாற்றி அடுக்கி, மூங்கில் முளைகளை அடித்து இறக்கிக் கயிற்றால் இறுக்கினார்கள். ஏரிக் களிமண்ணோடு நறுக்கிய வைக்கோலைச் சேர்த்துப் புளிக்க வைத்து இரண்டு முறை பூசினார்கள். அந்தப் புளித்த நாற்றத்துக்குப் பக்கத்து மனைக்காரர் புகார் கொடுத்தார். அந்தப் புகாருக்கு உடனே நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதைக் குறிப்பிட வேண்டும்.

மேல்பூச்சுக்குப் பழவேற்காட்டிலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு வந்தது. கொண்டுவந்த சுண்ணாம்புக்கார பாய் அதை இறக்கிவிட்டுப் போகவில்லை. அக்கா மூச்சு வாங்கும்போதெல்லாம் கரண்டியைப் பிடுங்கித் தாமே தேய்த்தார். முடிந்தபோது சுவர் முட்டை ஓடுபோல வழவழவென்று இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் கல்கத்தா நெடுஞ்சாலை என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும்.

வைக்கோல் கட்டில் வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சுவரில் ஓரிடத்தைப் பூசாமல் விட்டு, கண்ணாடி பதித்து, உள்ளே இருப்பது வைக்கோல்தான் என்று வருகிறவர்களுக்குக் காட்டுவார்கள். அக்கா இதைக் கைபேசியில் பார்த்திருந்தார். வாசலுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடச் சிலேட்டு அளவுக்கு ஒரு கண்ணாடி வைத்தார். அவர் செய்த பிழை அது ஒன்றுதான்.

மின் இணைப்புக்கு வீட்டு வரி ரசீது கேட்டார்கள். வரி விதிக்க வேண்டி ஊராட்சி அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுத்தேன். வரி கட்டுகிறேன், தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு குடிமகள் மன்றாடும் மனு அது. பார்வையிட ஒருவர் வந்தார். ஓட்டுக் கூரையைப் பார்த்தார், சுவரைத் தட்டினார், திருப்தியாகத் தலையசைத்தார். வெளியே வரும்போது கண்ணாடியைப் பார்த்துவிட்டார்.

“இன்னாம்மா இது, கண்ணாடிக்குள்ள வைக்கோல் வெச்சிகிற? அழகுக்கா?”

“இல்ல சார். செவுரே அதான். சுத்தி அதான் இருக்குது.”

சுவரில் சாய்த்திருந்த கையை அவர் எடுத்துக்கொண்டார். “நீ இதைக் காட்டாம இருந்தா ஓட்டு ஊடுன்னு எழுதிக்கினு போயிருப்பேன். காட்டிட்ட. இப்ப நான் இன்னா எழுதறது?”

“பாத்ததை எழுதுங்க சார்.”

“பாத்ததை எழுத பாரத்துல எடம் இல்லியேம்மா!”

இடம் இருந்தது. ‘மற்றவை’ என்று ஒரு கட்டம் எல்லாப் படிவத்திலும் இருக்கும். என் பணிக்காலம் முழுவதும் அதை யாரும் நிரப்பி நான் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். அவரும் நிரப்பவில்லை. வைக்கோல் இருப்பதால் தீயணைப்புத் துறையின் கருத்து தேவை என்று கோப்பை அனுப்பிவிட்டார். மனுதாரருக்குத் தகவல் இல்லை. நானே போய் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

தீயணைப்பிலிருந்து வந்தவருக்கு, மிச்சமிருந்த ஒரு கட்டைப் பூசிக் காய வைத்து, ஊதுவிளக்கால் சுட்டுக் காட்டினார் அக்கா. பூச்சு கறுத்தது. உள்ளே தீ ஏறவில்லை. வந்தவர் மனதாரப் பாராட்டினார். ஆனால் வைக்கோல் வேளாண்மைப் பொருள் என்பதால் கோப்பு வேளாண்மைக்குப் போயிற்று. வேளாண்மையில், அது தீவனம் என்று கால்நடைத் துறைக்கு அனுப்பினார்கள். ஒவ்வோர் இடத்திலும் நான் நினைவூட்டுக் கடிதம் கொடுத்தேன். எதற்கும் ஒப்புகை கிடைக்கவில்லை.

கிளை அலுவலகம் ஒன்றில் ஒருவர் அக்காவிடம் இரக்கத்தோடு சொன்னார். “மாட்டுக் கொட்டாய்ன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடும்மா. சுளுவா முடிஞ்சிடும். அப்புறம் கரண்டு இழுத்துக்க, யாரு கேக்கப் போறான்?”

“மாட்டுக் கொட்டாய்ல நான் இன்னா சார், அசை போட்டுக்கினு படுத்திருக்கறதா?” என்றார் அக்கா.

பாயும் சொல்லிப் பார்த்தார். “அக்கா, ஒரு கரண்டி சுண்ணாம்பு. அந்தக் கண்ணாடிய மூடிடறேன். இன்னொருத்தர் வந்தா வெள்ளைச் செவுருதான் தெரியும்.”

“பாய், உங்க ஊர்ல மீனு விக்கறவங்க செவுளைத் தூக்கிக் காட்டாம விப்பாங்களா?”

“மீனு வாங்க வரவனுக்கு மீனு வேணும்க்கா. இவங்களுக்கு உங்க ஊடு வேணுமா இன்னா?”

அக்கா சிரித்தார். கண்ணாடியை மூடச் சம்மதிக்கவில்லை. பக்கத்து மனையிலிருந்து கம்பி இழுத்துக்கொள்ளவும் சம்மதிக்கவில்லை. ஜெனரேட்டர் வாங்கலாம் என்று மகள் சொன்னபோது, புகைக்குப் பயந்து வந்த இடத்தில் புகையைக் காசு கொடுத்து வாங்குவதா என்று கேட்டார். பேட்டரி ஒன்று வாங்கினோம். அதைச் சார்ஜ் செய்ய ஆட்டோவில் வாடகை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். ஓரிரவு பாதியில் அது கைவிடுமோ என்ற அச்சத்தில் மருத்துவரே வேண்டாம் என்றார். எனவே அக்கா காலையில் பேருந்தேறித் தம் வீட்டுக்குப் போவார். தரையைக் கூட்டி, சன்னலைத் திறந்து, உட்கார்ந்திருப்பார். பொழுது சாய்ந்ததும் இயந்திரமும் தூசியும் இருக்கிற தகரக் கூரைக்குத் திரும்புவார்.

கால்நடைத் துறையிலிருந்து ஒருவர் நல்ல வெயிலில் வந்தார். அன்று நானும் இருந்தேன்.

“மாடு எத்தினிம்மா வெச்சினுகிற?”

“ஒண்ணுகூட இல்ல சார்.”

“அப்ப இவ்ளோ வைக்கோலு?”

“அதான் சார் ஊடு.”

உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். “ஏசி போட்ட மாரி கீதும்மா” என்றார். சுவரில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். எழுப்பப் போன என்னை அக்கா கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார். “உடுடா, எங்கெங்க அலஞ்சிட்டு வராரோ. தூங்கட்டும்.” வெயில் தணியும்வரை நாங்கள் இருவரும் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கிய ஒரே மனிதர் அவர்தான். விழித்ததும், வைக்கோல் ஈரமின்றி நல்ல நிலையில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று அறிக்கை எழுதிக்கொண்டு போனார். நன்றிக்கடன் தீர்த்துவிட்டதாக அவர் நினைத்திருக்கக் கூடும்.

மார்கழிப் பனியில் அக்காவுக்கு இழுப்பு முற்றியது. பனியோடு புகை இறங்கி அந்த வரிசை வீடுகளுக்குள் தங்கிவிடும். இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது மூச்சுக்குழலைத் திறக்கும். திறந்த குழலுக்குள் எந்தக் காற்று போக வேண்டும் என்பதை அது தீர்மானிப்பதில்லை. மருத்துவமனையில், மூக்கில் குழாயோடு, என்னைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். பதில் வந்ததா என்று கேட்கிறார் எனப் புரிந்தது. “பரிசீலனையில் இருக்குக்கா” என்றேன். வாழ்நாளெல்லாம் மற்றவர்களிடம் நான் சொன்ன சொல் அது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் பகலில் மறைந்தார்.

உடலை வாடகை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்றார் வீட்டுக்காரர். அவரைக் குறை சொல்வதற்கில்லை, அது ஊர் வழக்கம். எளாவூருக்குக் கொண்டுபோனோம். குளிர்பெட்டிக்காரர் பெட்டியோடு ஜெனரேட்டரும் கொண்டுவந்தார். அக்காவின் வீட்டில் முதன்முதலாக மின்சாரம் ஓடியது அன்றைக்குத்தான். துக்கம் கேட்க வந்தவர்கள் உள்ளே நுழைந்ததும், “என்ன இப்படிக் குளுகுளுன்னு இருக்கு” என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பந்தியில் கேலி பேசிய உறவினர் கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றார்.

அந்த நாட்களில் துணை நின்றவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. நோன்பு நாளிலும் பழவேற்காட்டிலிருந்து வந்து சுவரைத் தேய்த்துக் கொடுத்த பாய்க்கு. அக்காவோடு வைக்கோலுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டு, அவரைச் சுமந்துபோகும் வண்டி வரை அழுதுகொண்டே வந்த பேக்கிங் பிரிவுத் தோழியருக்கு. மருந்துக்கு இரவு பகல் பாராமல் ஓடிய மகளுக்கும் மருமகனுக்கும். ஒவ்வோர் அலுவலகத்திலும் நாற்காலி கொடுத்து உட்கார வைத்த கடைநிலை ஊழியர்களுக்கு. உட்கார வைக்க வேண்டும் என்று விதி ஏதும் கிடையாது. அவர்களாகச் செய்தார்கள்.

விடுபட்ட நன்றி ஒன்று உண்டு. அது மனு கொடுத்த அலுவலகத்துக்கு. அவர்கள் பதில் அனுப்பினார்கள். அக்காவின் பெயருக்கு, ஒப்புகையுடன் கூடிய பதிவு அஞ்சலில், முறைப்படி வந்தது. துறைகளின் கருத்துகளைப் பரிசீலித்ததில் மேற்படி கட்டடம் தீவனச் சேமிப்புக் கொட்டகை என முடிவு செய்யப்படுகிறது. வைக்கோல் நல்ல நிலையில் இருப்பதாக அறிக்கை பெறப்பட்டுள்ளது. ஒரே ஒரு நிபந்தனையின் பேரில் அது தொடர்ந்து இருந்துவர ஆட்சேபம் இல்லை. மனிதர் எவரும் அதில் வசிக்கக் கூடாது.

நிபந்தனையை அக்கா முன்னதாகவே நிறைவேற்றியிருந்தார். அஞ்சல்காரர் தாழ்வாரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, மனுதாரரின் கையெழுத்து வேண்டும் என்று கேட்டபோது, உள்ளே படத்துக்கு மாலை போட்டு இலை விரித்துக்கொண்டிருந்தோம். அன்று அக்காவின் பதினாறாம் நாள் காரியம்.