செத்த பங்குகளையும் சேர்த்து

புனே பக்கம் ஆகுர்டியில் ஆட்டோ உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் சவரிமுத்து லேத் செட்டர். 1994இல் ஒரு சிமென்ட் கம்பெனியின் நூறு பங்குகளைத் தலா தொண்ணூறு ரூபாய்க்கு வாங்கினார். 2000இல் நூற்றெண்பதுக்கு விற்றார். ‘போட்ட பணம் ரெட்டிப்பு’ என்று கோயில் வாசலிலும் கல்யாணப் பந்தியிலும் அவர் சொல்லாத ஆளில்லை. அதுவே வினையாக வந்தது.

அடுத்த ஆண்டு அவர் மனைவி ஆரோக்கியமேரியின் தம்பி டேனியல் விருப்ப ஓய்வில் வெளியே வந்தான். கையில் கிடைத்த இரண்டு லட்சத்தை வைத்துத்தான் இனிக் குடும்பம் ஓட வேண்டும். ஞாயிறு பூசை முடிந்து நேரே அக்கா வீட்டுக்கு வந்தான்.

“அத்தான், இதையும் ஒங்க கையால டபுளாக்கிக் குடுத்துருங்க.”

சவரிமுத்து பின்வாங்கினார். “ஒரு வாரம் பொறு மாப்ளே. ஹிசாப் போட்டுச் சொல்லுதேன்.”

“பந்தியில பேசும்போது ஹிசாப் போடலையாக்கும்?” என்றாள் மேரி, அடுக்களையிலிருந்து.

அன்று மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஆலையில் புஷ் என்னும் இரும்பு வளையம் ஒன்றின் அடக்கவிலைக்கு இரும்பு விலை மட்டும் போதாது. கூலியும் மின்சாரமும் ஏறும். இதற்கும் அப்படியே ஏற்றினார். ஒன்பதாயிரத்தோடு தரகும் முத்திரை வில்லையும் சேர, வாங்கிய அடக்கம் 9,180. விற்ற பதினெட்டாயிரத்தில் தரகும் டீமேட் கட்டணமும் எழுநூறு போனது. ஆறு வருஷ டிவிடெண்ட் 1,200 வந்தது. மொத்த வரவு 18,500. ரெட்டிப்புதான்! ஆனால் ஆண்டுக்குப் பன்னிரண்டு சதவீதம் கூட்டுவட்டி என்றால் எந்தப் பணமும் ஆறு வருஷத்தில் ரெட்டிக்கும். அந்த வருஷங்களில் பி.எஃப். அதைச் சும்மாவே கொடுத்தது.

மறுநாள் ஆலையில், கழிந்த புஷ்களை, பழைய இரும்பாக எடைக்குப் போகும் ‘பங்கார்’ சிவப்புப் பெட்டியில் போடும்போது கை நின்றது. பத்தில் இரண்டு கழிந்தால் அவற்றின் செலவும் நல்ல எட்டின் தலையில்தான் விழும். இதை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்! வீட்டு டிரங்குப் பெட்டியில், அதே வருஷம் வாங்கிய வேறு இரண்டு கம்பெனிகளின் பத்திரங்கள் கிடந்தன. நாலாயிரம் ரூபாய். அந்தக் கம்பெனிகள் இருந்த இடமே தெரியவில்லை. ‘செத்தது செத்தது’ என்று கணக்கிலேயே எடுக்காமல் விட்டிருந்தார்.

இப்போது எடுத்தார். போட்டது 13,180, வந்தது 18,500. லாபம் நூற்றுக்கு நாற்பது. ஆறு வருஷத்துக்குக் கூட்டுவட்டியாகப் பார்த்தால், ஆண்டுக்கு ஆறு சதவீதம்கூடத் தேறவில்லை.

டேனியல் வந்ததும் தாளையும் செத்த பத்திரங்களையும் அவன் முன்னால் வைத்தார்.

“நான் ரெட்டிப்புன்னது பங்காரைச் சேக்காத கணக்கு மாப்ளே.”

டேனியல் அந்தப் பத்திரங்களைப் புரட்டினான். “பங்கார்க்காரன்கூட எடை போட்டுக் காசு குடுப்பானே, அத்தான். இதுக்கு?”

மேரி சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்தினாள். சவரிமுத்து சிரிக்கவில்லை. “பணத்த தபால் ஆபீஸ்ல போடு. மாசா மாசம் வட்டி வரும். எங்கிட்ட வேண்டாம்.”

டேனியல் அப்படியே செய்தான்.

அடுத்து வந்த ஞானஸ்நான விருந்தில் யாரோ, “என்ன செட்டரே, எத்தன மடங்கு?” என்று கேட்டார்.

“வருஷத்துக்கு ஆறுகூட இல்ல” என்றார் சவரிமுத்து. கேட்டவர் பிரியாணிப் பக்கம் திரும்பிவிட்டார்.