வலது பக்கத்தில் இல்லாத பதில்

போன வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், எங்கள் வீட்டு ஹாலில் இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்தார்கள். ஒருத்தி என் மகள் வினோதினி. இன்னொருத்தி அவளோடு பி.எட். படிக்கிற ரிஸ்வானா. ஊர் அதிராம்பட்டினம், இங்கே தஞ்சாவூரில் ஹாஸ்டல். இருவருக்கும் நடுவில் ஒரு நோட்டு திறந்து கிடந்தது.

எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. கவலைப்பட எனக்குக் காரணமே தேவையில்லை என்பது வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். காரணம் ஒன்று கிடைத்துவிட்டால்...?

முதலில் இந்த நோட்டு விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். பி.எட். படிக்கிறவர்கள் சில வாரங்கள் ஏதாவது ஒரு பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்திப் பழக வேண்டும். இவர்கள் இருவருக்கும் பூதலூர் பக்கம் ஒரு பள்ளி. காலையில் ரயிலில் போய் சாயங்காலம் திரும்புவார்கள். நடத்தப்போகும் பாடத்தை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அதற்குப் பெயர் லெசன் பிளான். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம், டீச்சர் கேட்கப்போகும் கேள்வி. வலது பக்கம், மாணவர்கள் சொல்லப்போகும் பதில்.

ஆமாம், பிள்ளைகளின் பதிலையும் இவர்களே எழுதி வைத்துக்கொண்டுதான் வகுப்புக்குள் போகிறார்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். இதைக் கேள்விப்பட்ட அன்று மகளை இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னேன்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒருத்தி பாடம் நடத்தும்போது மற்றவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பார்த்ததைக் குறிப்பெழுத வேண்டும். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளட்டும் என்பதற்காக. நல்ல யோசனைதான். ஆனால் நடைமுறையில் என்ன எழுதுகிறார்கள்? ‘குரல் நன்று. கரும்பலகைப் பயன்பாடு நன்று. வகுப்பறைக் கட்டுப்பாடு மிக நன்று.’ நீ எனக்கு நன்று போட்டால் நான் உனக்கு நன்று. தீபாவளிப் பலகாரத் தட்டு மாதிரி — அங்கிருந்து வந்தால் இங்கிருந்தும் போயாக வேண்டும்.

அந்த வழக்கத்தைத்தான் ரிஸ்வானா மீறிவிட்டாள். முந்தைய வெள்ளிக்கிழமை வினோ எட்டாம் வகுப்புக்குப் பாசனம் நடத்தியிருக்கிறாள். அதைப் பற்றி ரிஸ்வானா எழுதிய குறிப்பை நான் டீ வைக்கிற சாக்கில் எட்டிப் பார்த்துப் படித்தேன்.

‘தண்ணீர் எங்கிருந்து எங்கே பாயும் என்று ஆசிரியர் கேட்டார். மாணவி காவியா, எங்கள் வயலுக்குப் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு வரும் என்றார். வகுப்பு சிரித்தது. ஆசிரியர், தவறு, உட்கார் என்றார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கவில்லை. அதன் பிறகு வகுப்பு முடியும்வரை அந்த மாணவி நோட்டில் எதுவும் எழுதவில்லை.’

வினோதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“இத காலேஜ்ல சார் படிச்சா இன்டர்னல் மார்க்குல கை வச்சிருவாரு. உன் கிளாஸுக்கு நான் என்னடி எழுதுனேன்? எல்லாத்துக்கும் நன்றுதானே?”

“அதான் எனக்குப் பிரயோஜனமே இல்ல. எங்க சொதப்புனேன்னு நீ ஒரு வரி எழுதல.”

“அப்ப தப்பான பதில சரின்னு சொல்லியிருக்கணுமா? தண்ணி மேட்டுக்கு ஏறுமா? நீயும் சயின்ஸ்தானே படிச்ச?”

“எங்க ஊர்ல கடல் பொங்குனா வாய்க்கால்ல தண்ணி திரும்பி உள்ள ஏறும். நான் சின்னப் புள்ளைலேர்ந்து பாத்திருக்கேன். அதனால அந்தப் புள்ள சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வரல. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல போய்க் கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

“அவங்க வயல் மேட்டுல இருக்காம். வாய்க்கால் தண்ணி அங்க ஏறாதாம். வடிகால்ல இன்ஜின் வச்சு அவங்க அப்பா இறைப்பாராம். இவதான் டியூபப் புடிச்சுக்கிட்டு நிப்பாளாம். அவ கண்ணால பாத்தத சொல்லியிருக்காடி.”

அதற்குமேல் காவியாவின் குடும்பத்தைப் பற்றி ரிஸ்வானா கேட்டறிந்தது கொஞ்சம்தான். தாத்தா காலம்வரை மற்றவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். அப்பா தலையெடுத்துச் சொந்தமாக இரண்டு மா நிலம், முக்கால் ஏக்கர்கூட வராது, வாங்கியிருக்கிறார். பாய்ச்சல் உள்ள நிலத்தை யார் விற்பார்கள்? தண்ணீர் எட்டாத மேடுதான் இவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

வினோ தன் பிளானை எடுத்து வலது பக்கத்தைப் பார்த்தாள். பிறகு சின்னக் குரலில் சொன்னாள்:

“அந்தப் பதில் என் பிளான்ல இல்லடி.”

அவளுடைய பிளானா அது? சீனியர் ஒருத்தியின் ரெக்கார்டைப் பார்த்து எழுதியது. அந்த சீனியர் அவளுக்கு முந்தைய சீனியரைப் பார்த்து எழுதியிருப்பாள். எந்த ஊர்ப் பிள்ளைகளை நினைத்து யார் முதலில் எழுதினார்களோ... ‘மேட்டிலிருந்து பள்ளத்துக்கு’ என்ற பதில் வருடா வருடம் கையெழுத்து மாறி மாறி வந்து, பூதலூரில் ஒரு பெண்ணை உட்கார வைத்துவிட்டது.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான்.

“அந்தப் பொண்ணு இன்னிக்கு வந்துச்சா?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நேத்தும் வரல. இன்னிக்கும் வரல ஆன்ட்டி,” என்றாள் ரிஸ்வானா.

போதாதா எனக்கு? நான் பள்ளிக்கூடத்தை விட்டது ஏதோ பெரிய முடிவெடுத்து அல்ல. கணக்கு டீச்சர் கேட்டதற்கு ஏதோ சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் வயிற்றுவலி என்று போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. மூன்று நாள் கழித்துப் போவதற்கு வெட்கமாக இருந்தது. ஒரு வாரம் கழித்துப் பயமாக இருந்தது. ஒரு மாதம் கழித்து வீட்டில் எனக்கென்று வேலைகள் இருந்தன. அவ்வளவுதான். யாரும் என்னை நிறுத்தவில்லை. யாரும் வந்து கேட்கவுமில்லை.

“நாளைக்கு அவ வீட்டுக்குப் போய்ப் பாரேன் வினோ.”

“நாங்க டிரெயினிங்மா. சும்மா வீட்டுக்கெல்லாம் போனா ஹெச்.எம். திட்டுவாங்க. கிளாஸ் டீச்சர்கிட்ட சொல்றேன்.”

“மறந்துராத.”

“மறக்க நீ விட்டாத்தானே?”

ரிஸ்வானா லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. வினோ கையை நீட்டி, “உன் பிளானக் காட்டு” என்றாள். புரட்டிப் பார்த்தவள் நிமிர்ந்தாள். ரிஸ்வானாவின் நோட்டில் இடது பக்கம் பேனாவில் இருந்தது. வலது பக்கம் முழுக்கப் பென்சில்.

“என்னடி இது?”

“கிளாஸ் முடிஞ்சதும் அழிச்சிட்டு, புள்ளைங்க நெஜமா என்ன சொன்னாங்களோ அத பேனாவுல எழுதுவேன். சார் இன்னும் கண்டுபுடிக்கல.”

பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ரிஸ்வானாவுக்குப் படம் வரையவே வராது. அவளுடைய ஏர் கலப்பை செருப்பு மாதிரி இருந்தது. வினோ அதை அழித்து வரைந்து காட்டினாள். ரிஸ்வானா வினோவின் ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரே சொல்லை எழுதிக்கொண்டு போனாள்: ‘ஏன்?’

நான் எழுந்து போனேன். டீ அப்படியே ஆறிக் கிடந்தது.

புதன்கிழமையும் காவியா வரவில்லை. மத்தியானத்துக்குள் வினோவுக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்றாவது முறை அவள் எடுக்கவில்லை. அந்தப் பெண் வீட்டில் என்னென்ன நடந்திருக்கும் என்று நான் கற்பனை செய்ததையெல்லாம் இங்கே எழுதினால் நீங்கள் என்னை டாக்டரிடம் அனுப்புவீர்கள்.

வியாழக்கிழமை காலை வினோவிடமிருந்து மெசேஜ். ‘வந்துட்டா. தாத்தாவுக்கு திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணமாம். குடும்பத்தோட போயிருக்காங்க. நெத்தியில இன்னும் குங்குமம் இருக்கு.’

அப்பாடா என்று உட்கார்ந்தேன். என் கவலைகளில் பாதி இப்படித்தான் முடியும். ஆனால் மீதிப் பாதி?

அன்று மூன்றாவது பீரியட். வினோ அதே பாடத்தை மறுபடி எடுத்திருக்கிறாள். கடைசி பெஞ்சில் ரிஸ்வானா. நடந்ததைச் சாயங்காலம் இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள்.

“காவியா, வயலுக்குத் தண்ணி எப்படி வரும்?” என்று வினோ கேட்டிருக்கிறாள்.

காவியா எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் சொன்னாளாம்: “மேட்டிலிருந்து பள்ளத்துக்கு டீச்சர்.”

பிளானில் இருந்த அதே பதில்! எழுத்து மாறாமல்.

“எனக்கு வெக்கமா போச்சும்மா,” என்றாள் வினோ. “மூணு நாள் கழிச்சு வந்து, நான் எழுதி வச்சத எங்கிட்டயே சொல்றா.”

“அன்னைக்கு நீ வேற சொன்னியே,” என்று வினோ அவளிடம் கேட்டிருக்கிறாள். காவியா தலையைக் குனிந்துகொண்டாள். “அது தப்பு டீச்சர்.”

“தப்பு இல்ல. ஏன்னு கேக்காம உன்னை உக்கார வச்சேன் பாரு, அதுதான் தப்பு. உங்க அப்பா எப்படி இறைப்பாருன்னு வந்து போர்டுல போட்டுக் காட்டுறியா?”

காவியா கட்டியிருந்த கையைப் பிரித்தாள். பிறகு வந்தாள். வடிகாலைப் போட்டாள். கரையைப் போட்டாள். இன்ஜின், டியூப், மேலே வயல். சிரித்த பிள்ளைகளில் ஒருவன், “எங்களுக்கும் அப்படித்தான் டீச்சர்” என்றிருக்கிறான். இத்தனை நாள் அவனும் சொல்லவில்லை பாருங்கள். வெள்ளிக்கிழமை சேர்ந்து சிரித்தவன்.

சாக்பீஸைத் திருப்பிக் கொடுக்கும்போது காவியா கேட்டாளாம்:

“பரீட்சைல எத எழுதணும் டீச்சர்?”

வினோ என்ன சொன்னாள்? சொல்லவில்லை. பெல் அடித்துவிட்டது என்கிறாள். அடிக்கவில்லை என்கிறாள் ரிஸ்வானா.

அவளுடைய குறிப்பை இந்த முறை நான் கேட்டு வாங்கியே படித்தேன். கடைசி வரிகள் இவை: ‘ஆசிரியர் தன் தவறை வகுப்பின் முன் ஒப்புக்கொண்டார். மாணவி இறுதியில் கேட்ட கேள்விக்கு ஆசிரியரிடம் பதில் இல்லை. குறிப்பெழுதியவரிடமும் இல்லை.’

படித்துப் பார்த்தவளிடமும் இல்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சீக்கிரம் எழுதுங்கள் — காவியாவுக்கு அடுத்த வாரம் பரீட்சை.