தங்கச்சியின் பங்கு

எங்கள் சமையலறை அலுமாரியின் மேல்தட்டில் ஒரு நீல நிற பிஸ்கட் டின் இருக்கிறது. ஒரு பக்கம் நசுங்கியது, மூடி லேசில் திறக்காது. ஒவ்வொரு அக்டோபர் கடைசியிலும் அதை இறக்கி, இனிப்புகளை நிரப்பிக் கதவருகில் வைப்பேன். நிரப்புமுன் அடியில் ஒட்டிக்கிடக்கும் பழைய டொபி மிட்டாய் ஒன்றை விரலால் அசைத்துப் பார்ப்பேன். அசையாவிட்டால் எனக்கு நிம்மதி.

டின் சித்தப்பாவுடையது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், சித்தியையும் ஆறு வயது மகளையும் இலங்கையில், போர் நடந்த வன்னியில் விட்டுவிட்டு லண்டன் வந்தவர், கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் தங்கினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. பிள்ளைகள் பேய்வேடமிட்டு வீடு வீடாக இனிப்புக் கேட்கும் ஹலோவீன் அன்று என்னைத் தனியே அனுப்ப அம்மாவுக்குப் பயம், அப்பாவுக்கோ ஷிப்ட். எனவே காவலுக்குச் சித்தப்பா. காவலுக்கு வந்தவர் சும்மா வரவில்லை. கட்டில் விரிப்பில் இரண்டு கண் வெட்டி, பேயாகப் போர்த்திக்கொண்டு வந்தார். அது அம்மாவின் நல்ல விரிப்பு. அம்மா இரண்டு நாள் அவருடன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பூசணி விளக்கு எரியும் வீடுகளை மட்டுமே தட்டலாம் என்ற விதியை அவருக்கு நான்தான் சொன்னேன். அவர் தன் பாட்டில் ஒரு விதி சேர்த்துக்கொண்டார். நான் பையை நீட்டியதும் விரிப்புக்குள்ளிருந்து இன்னொரு பை நீளும். அரைகுறை ஆங்கிலத்தில் தன் மகளுக்கும் ஒன்று கேட்பார். வீட்டுக்காரர்கள் அந்த மகளைத் தேடி எட்டிப் பார்ப்பார்கள். "வருவா, வருவா," என்று தமிழிலேயே சொல்லிவைப்பார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். வராதவருக்கும் பங்கு எடுத்து வைப்பது எங்கள் வீடுகளில் வழக்கம்தான். அதை ஊரார் வாசலில் நின்று கேட்டு வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

அந்தப் பங்கு அப்படியே டின்னுக்குள் போகும். பழுதாகிவிடும் என்றால் கேட்கமாட்டார். "டொபி கிடக்கும் பிள்ளை. அவவுக்கு விளையாடுற வயசுதான் நிக்காது. அதுக்குள்ள வந்திடோணும்," என்பார். விசாக் காகிதங்கள் போய் வந்துகொண்டிருந்தன. டின் நிறைந்துகொண்டிருந்தது.

சித்தியும் தங்கச்சியும் வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயதாகியிருந்தது. தன் அப்பாவுடன் அதிகம் பேசமாட்டாள். ஹலோவீன் பற்றி நான் சொன்னதும், "நான் என்ன சின்னப்பிள்ளையே?" என்றாள். சித்தப்பாவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். அன்று மாலை பழைய விரிப்பைப் போர்த்திக்கொண்டு பின்பக்கமாக வெளியே போனவர், முன்கதவை ஓங்கித் தட்டினார்.

தங்கச்சி பாய்ந்து விளக்கை அணைத்தாள். என்னைத் தரையில் இழுத்து விழுத்தி என் வாயைப் பொத்தினாள். வெளியே மறுபடியும் தட்டும் சத்தம், இந்தமுறை குதூகலமாக. நான் அவள் கையை விலக்கி, "தட்டாதேங்கோ சித்தப்பா," என்று கத்தினேன்.

பயந்து விளையாடுவதற்கு உள்ளே நிஜப் பயம் இல்லாத மனம் வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. வருடம் முழுக்க முகம் பாராத தெரு, அந்த ஒரு மாலை பொய்யாகப் பயந்து, கதவு திறந்து சிரிக்கிறது. அவள் வந்த இடத்தில் கதவு தட்டப்பட்டால் யாரும் சிரித்ததில்லை.

கதவிலிருந்த கடிதத் துவாரம் மெல்லத் திறந்தது. "அப்பாதான் பிள்ளை. இனித் தட்டமாட்டன். இதில இருக்கிறன்."

"ஏன் தட்டினவர்?" என்று அவள் என்னைக் கேட்டாள். இருட்டிலேயே அவளுக்கு டின்னைப் பற்றிச் சொன்னேன், ஏழு வருடத்துப் பங்கையும் சொன்னேன். அவள் எழுந்து டின்னைத் தேடி எடுத்தாள். உள்ளே எல்லாம் உருகிக் கட்டியாகியிருந்தது. கரண்டியால் ஒன்றை நெம்பி எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். சித்தப்பா விரிப்பை மடித்து மடியில் வைத்தபடி படியில் இருந்தார்.

"இந்தாங்கோ அப்பா. இது உங்கட பங்கு."

கடதாசி பாதி ஒட்டியிருக்க, அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை.

சித்தப்பா தவறிப்போய் மூன்று வருடம். தங்கச்சி இப்போது கனடாவில். அக்டோபரில் தவறாமல் போன் எடுத்து, "அந்த டொபி இருக்கோ அக்கா?" என்பாள். ஓம், இருக்கு. அவரைத்தான் காணோம். பிள்ளைகள் வந்து மணி அடிக்கிறார்கள், கொடுக்கிறேன். கொடுத்த பிறகும் கதவை உடனே சாத்த மனம் வருவதில்லை. பின்னாலிருந்து இன்னொரு பை நீளுமா என்று கொஞ்ச நேரம் நிற்கிறேன்.