குடத்திலிருந்து வந்த பேஸ் கிட்டார்

அருள்தாஸ் அண்ணன் இருபத்திரண்டு வருஷமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறார். உத்திரமேரூர் பக்கம் எங்கள் காலனியில் பிறந்து, சர்ச்சில் கற்றுக்கொண்டு, சென்னை ஸ்டுடியோக்களில் கூப்பிட்ட பாட்டுக்கெல்லாம் வாசித்தவர். ஊரில் விசேஷம் என்றால் செவ்வந்தி இன்னிசைக் குழுவில் ஓரமாக நிற்பார். நான்கு தடித்த கம்பிகள், எல்லாச் சத்தத்துக்கும் அடியில் 'தும் தும்' என்று ஓடும் ஒரு சத்தம். அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

ஊருக்குத் தெரியாததில் அவருக்கு வருத்தமில்லை. மனைவி கலா அக்காவுக்கும் தெரியவில்லையே என்பதுதான் வருத்தம். களை எடுக்கப் போகிற இடத்தில் அக்கா போனில் பாட்டைப் போட்டு, "என் வூட்டுக்காரர் வாசிச்சது" என்று பெருமையடிப்பார். வீட்டுக்கு வந்ததும் தனியாகக் கேட்பார்.

"இதுல நீ எங்க கீற?"

"தோ, அடியில."

அக்கா போனைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தில் காதை வைப்பார். அண்ணன் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஸ்டுடியோவில் யாரோ போட்டுக் காட்டி, ப்ராக்ரஸிவ் ராக் என்ற வெளிநாட்டுச் சங்கதி அவர் தலைக்கேறியது. ஒரே பாட்டு இருபது நிமிஷம் ஓடும். தாளத்தை நாலு நாலாக எண்ணாமல் ஏழு ஏழாக எண்ண வேண்டும். அண்ணனும் ஒன்று செய்தார். பெயர் 'மதகு'. பதினெட்டு நிமிஷம், பேஸ் மட்டும், நடுவில் மதகை அடைத்த மாதிரி சட்டென்று ஒரு நிறுத்தம். வாசிக்கத்தான் மேடை இல்லை.

எங்கள் ஊருக்கு ஒரு வியாதி உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் குடத்தில் ஓலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்ததாகக் கல்வெட்டு இருக்கிறதா, அதனால் பந்தியில் யார் பாயசம் ஊற்றுவது என்பதைக்கூட நாங்கள் குடம் வைத்துத்தான் முடிவு செய்வோம். போன வருஷம் ஆடித் திருவிழாவுக்கு எந்தக் குழுவைக் கூப்பிடுவது என்ற சண்டையும் குடத்துக்குப் போனது. விழாக் கமிட்டித் தலைவர் வேதகிரி பித்தளைக் குடத்தை மேசைமேல் வைத்தார். சீட்டு எடுக்கப் பொன்னியம்மாள் பாட்டி. அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆகவே ஊழலுக்கு வழியில்லை.

போட்டிக்கு வந்த மற்ற இரண்டு குழுக்களும் ஆளுக்கு ஒரு சீட்டுதான் போட்டன. செவ்வந்தியின் பாடகர் கலைச்செல்வன் கெட்டிக்காரர். தன் ஆட்கள் ஒன்பது பேரின் பெயரையும் ஒன்பது சீட்டில் எழுதிப் போட்டுவிட்டார். பொன்னியம்மாள் கையை விட்டு எடுத்ததை வேதகிரி பிரித்துப் படித்தார்: "அருள்தாஸ், பேஸ் கிட்டார்."

"ஜெயிச்சிட்டோம்!" என்று குதித்தார் கலைச்செல்வன்.

"நீ எங்க ஜெயிச்ச? சீட்டுல அருள்தாஸ் பேருதான் கீது. அவன் மட்டுந்தான் வாசிப்பான்."

"தலைவரே, உப்ப மட்டும் எலைல போட்டு சாப்புட சொல்ற மாதிரி கீது!"

"கல்வெட்டு காலத்துல குடத்துல வந்த பேர மாத்துனாங்களா? பேஜார் பண்ணாத, போ."

அன்று அண்ணன் வீட்டுக்கு ஓடிய வேகத்தை நான் பார்த்தேன். "ஞாயித்துக்கெழம திருவிழால மொத வரிசைல வந்து ஒக்காரு மே. நான் மட்டுந்தான். வேற சத்தமே இருக்காது" என்றார். "அப்பன்னா கண்டுபுடிச்சிடுவேன்" என்றார் அக்கா.

ஞாயிறு சாயங்காலம் ஆறரை மணிக்கு, ஆள் உயர ஸ்பீக்கர்களுக்கு நடுவில் தனியாக நின்று அண்ணன் 'மதகு' வாசிக்கத் தொடங்கினார். முதல் ஐந்து நிமிஷம் அது மைக் டெஸ்டிங் என்றே எல்லாரும் நம்பினோம். "டெஸ்டிங் சூப்பரா கீது, பாட்ட ஆரம்பிங்கப்பா" என்று ஒரு குரல்கூட வந்தது. எட்டாவது நிமிஷம், எந்தச் சத்தத்துக்கும் ஆடும் எங்கள் தெருப் பாண்டியன் ஆட இறங்கினான். ஒவ்வொரு ஏழாவது தட்டுக்கும் காலைத் தப்பாக வைத்து விழுந்தான். எழுந்து தரையைத் திட்டினான்.

அதற்குப் பிறகுதான் அந்த அநியாயம் நடந்தது. "டேய், இது எந்தப் பாட்டுன்னு தெரிஞ்சிபோச்சு!" என்று கூட்டத்திலிருந்து கத்திய ஆனந்தன் என்ற பையன் ஒரு சினிமாப் பாட்டை எடுத்துவிட்டான். சர்ச்சில் பாடும் சோபியாவுக்கு அது கீர்த்தனையாகக் கேட்டிருக்கிறது, அவர் அதைப் பாடினார். பின்வரிசைப் பெண்கள் தாலாட்டு பாடினார்கள். நானும் பாடினேன், என்ன பாடினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நானூறு பேர், நாற்பது பாட்டு. பேஸ் எல்லாவற்றுக்கும் பொருந்தித் தொலைத்தது. தனிக் கச்சேரியிலும் மனுஷன் அடியில் போய்விட்டார்.

முதல் வரிசையில் கலா அக்கா காதருகே கையைக் குவித்துக்கொண்டு தேடினார், கண்டுபிடிக்க முடியவில்லை. அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டு வாசித்தார். அந்த முகத்தை நானும் பார்த்தேன். ஆனாலும் நான் பாடுவதை நிறுத்தவில்லை.

பன்னிரண்டாவது நிமிஷத்தில் அந்த நிறுத்தம் வந்தது. அண்ணன் உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கினார்.

நானூறு வாயும் திறந்தபடி நின்றன. பாண்டியன் ஒற்றைக்காலில் நின்றான். இருட்டில் இறங்கும்போது ஒரு படி குறைந்துபோன மாதிரி இருந்தது. ஏன் நிறுத்தினோம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

கலா அக்கா மட்டும் எழுந்து நின்று கத்தினார்: "தோ! இம்மா நேரம் இருந்துச்சே, இப்ப காணோமே, அதான் நீ!"

அண்ணன் சிரித்துவிட்டார். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடி கம்பியைத் தட்ட, நாங்கள் அவரவர் விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தோம்.

இப்போது அண்ணனுக்குத் தனிக் கச்சேரிகள் குவிகின்றன. "பாட ஊரே கீது, நீ மட்டும் வா" என்று பழையசீவரத்திலிருந்துகூடக் கூப்பிட்டார்கள். அக்காவும் கூடவே போகிறார். போன வாரம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் ஒரு பழைய பாட்டைப் போட்டார். அக்கா கொஞ்ச நேரம் தலை சாய்த்துக் கேட்டுவிட்டு அண்ணன் விலாவில் இடித்தார்.

"தோ, நீ!"

அந்தப் பாட்டு வந்தபோது அண்ணன் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார்.

"ஆமா மே, நான்தான்" என்றார்.